மூன்று, நான்கு, ஐந்து

வயிற்றைத்தானே வெட்டினீர்கள் டாக்டர்,
தோள் ஏன் நோவுது?
என்றார் தேசிகன் கோவிந்தர்,
சாட்ஸ்வர்த் தடத்தில் பேருந்து ஓட்டுபவர்.
‘நோவுது’ மட்டும் தமிழில்.
வீட்டில் மிஞ்சிய முப்பது சொற்களில்
அது ஒன்று.
மற்றவை பெரும்பாலும் சாப்பாடு.

இரவு மூன்றே கால். டர்பனில் மழை.
அவருடைய பித்தப்பை
கீழ்த்தளத்தில், ஃபார்மலின் புட்டிக்குள்,
ஏழு கற்களோடு கிடக்கிறது.
வலது தோளை அழுத்திப் பார்த்தேன்.
அங்கே ஒன்றுமில்லை.
வலி அங்கேதான் இருந்தது.

ரத்தப் பரிசோதனைத் தாளின் முதுகில்
ஒரு குடை வரைந்தேன்.
இது உதரவிதானம்.
நெஞ்சுக்குத் தரை, வயிற்றுக்குக் கூரை.
கை நுழைய இடம் வேண்டி
உங்கள் வயிற்றை வாயுவால் ஊதினோம்.
கொஞ்சம் தங்கிவிட்டது,
கூரையைச் சீண்டுகிறது.

கூரைக்கும் தோளுக்கும் என்ன பேச்சு?

கருவில், நான்காம் வாரத்தில்,
உதரவிதானம் இருந்தது கழுத்தில்.
எட்டாம் வாரத்துக்குள் இறங்கி
இங்கே வந்துவிட்டது.
நரம்பை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.
கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்திலிருந்து கிளம்பி
இதயத்தின் உறையை உரசிக்கொண்டு
அத்தனை தூரமும் நீண்டிருக்கிறது ஒரு நூல்.
தோளின் தோலுக்கும்
அதே மூன்று, நான்குதான் வாசல்.
மூளை பாவம்,
தோளைத்தான் அதற்குப் பழக்கம்.
கூரையிலிருந்து தந்தி வந்தாலும்
தோள் என்றே வாசிக்கிறது.

(கப்பல், கரும்பு, இறங்கி வந்தவர்கள், அறுபடாத நூல்
என்று இதை எழுதலாமே என்றார்
மயக்கமருந்து டாக்டர் யுகேந்திரி.
வேண்டாம் என்றேன்.
நரம்பு நரம்புதான்.)

அப்போ உள்ளே இருப்பதெல்லாம் ஊமையா?

ஊமையில்லை.
இருக்கும் இடம் சொல்லத் தெரியாதவை.
குடலைக் கத்தியால் வெட்டினால் அதற்குத் தெரியாது.
இழுத்தால், உப்பவிட்டால்
தொப்புளைச் சுற்றி எங்கோ என்று முனகும்.
ஈரக்குலை பதறுது என்கிறோம்,
ஈரலின் சதைக்கு வலியே கிடையாது,
அதன் மேலுறைக்குத்தான்.
கல் என்று பெயர் வைத்தவன்
எதையோ கண்டிருக்கிறான்.
அலைநரம்பு என்று ஒன்று உண்டு:
மண்டையில் ஏறி, குரல்வளையில் நின்று,
இதயத்திடம் மெதுவாகப் போ என்று சொல்லி,
இரைப்பை, கணையம், சிறுகுடல் என
எல்லா நிறுத்தத்திலும் விசாரித்துவிட்டு
பெருங்குடலின் இடது திருப்பத்துக்குச் சற்று முன்னே
டிக்கெட் தீர்ந்து இறங்கிவிடும்.

அதற்கப்புறம்?

அதற்கப்புறம் வேறு பேருந்து.
இடுப்பிலிருந்து புறப்படும்.

சிரித்தார். சிரித்ததும் தையல் இழுத்தது.
அது தோலின் வலி, சரியான இடத்தில்.

இவ்வளவு நேரம் ஏன் நிற்கிறேன் என்று
சிஸ்டர் தொகோசிலேவுக்குத் தெரியும்.
டிசம்பரில், இதே மூன்று மணி வாக்கில்,
தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்
வெருலத்து வெல்டர் ஒருவர், பரமானந்தம்.
கீழ்ப்பல் என்றார்.
விரலால் காட்டினார்.
நானும் விரல் காட்டிய இடத்தையே பார்த்தேன்.
இரண்டு மாத்திரை,
பல் டாக்டருக்கு ஒரு சீட்டு.
கார் நிறுத்துமிடம் வரை நடந்தார்.

இதயம் தாடையில் பேசும்,
இடது சுண்டுவிரலில் பேசும்,
சிலசமயம் வெறும் வியர்வையில்.
பரீட்சையில் இதை எழுதி
மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

தேசிகன் தாளை நாலாக மடித்து
செருப்புக்குள் பத்திரப்படுத்தினார்.
காலையில் போய்விடுமா?
போய்விடும். நாளை மறுநாளாவது.

வாயைத் திறங்கள் என்றேன்.
இடது கையைத் தூக்குங்கள்.
நெஞ்சில் ஏதாவது, பாரம் மாதிரி?
ஒன்றுமில்லை.
ஒரு இசிஜி எடுங்கள் என்றேன் தொகோசிலேவிடம்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை,
வண்டியை உருட்டி வந்தார்.

குளிர்ந்த ஒட்டிகளை
ஒவ்வொன்றாக நெஞ்சில் பதிக்கையில்
தோள்தானே நோவுது
என்றார் மறுபடியும்.

ஆமாம் என்றேன்.
அசையாமல் படுங்கள்.