வேற காட்டுங்க

பார்சல் ஆபீஸில் எனக்கு எண் அடிக்கிற வேலை.
ஐம்பது, பூஜ்யம் ஏழு: பட்டு, நெய்தது.
போகிற மூட்டைக்கும் அதே எண்,
வருகிற மூட்டைக்கும் அதே.

போவது திருபுவனம், துளசிராம் கடைச் சரக்கு, காசிக்கு.
வருவது காசி, அன்சாரி வீட்டுத் தறி,
கும்பகோணம் பெரிய கடைத் தெருவுக்கு.
இரண்டுக்கும் நூல் பெங்களூரு, ஜரிகை சூரத்.
நடுவில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
டீசல், சுங்கச்சாவடி,
டிரைவர் ரமாபதியின் முதுகுவலி.

"அவனவன் ஊர்ப் பட்டை அவனவன் கட்டினா ஆகாதா?"
மூட்டை தைக்கும் அந்தோணிசாமி
கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்பார்.

நான் எம்.காம்.
வேதாரண்யத்து உப்பு திருவாரூர் போய்
நெல்லாகத் திரும்பினால் புரியும்.
உப்பளத்தில் நெல் விளையாது.
வயலில் உப்பு பூத்தால் அது கேடு.
இது பட்டைக் கொடுத்துப் பட்டு வாங்குவது.

அதற்கும் கல்லூரியில் ஒரு கணக்கு உண்டு.
போனதில் வந்ததைக் கழி,
மிச்சத்தை இரண்டின் கூட்டால் வகு,
ஒன்றிலிருந்து எடு.
ஒன்றை நெருங்க நெருங்க
ஒரே தொழிலுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல்.
ஆனி மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன்,
பில் புத்தகத்தின் பின்னட்டையில்.
புள்ளி ஒன்பது.
யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

ஆடியில் தவறு நடந்தது. என் தவறுதான்.
தராசில் இரண்டு மூட்டையும் நாற்பத்திரண்டு கிலோ,
சீட்டு மாறிப்போனது.
காசிச் சரக்கு காசிக்கே திரும்பியது.
திருபுவனத்துப் பட்டு
பக்கத்துப் பெரிய கடைத் தெருவிலேயே இறங்கியது.

கவுண்டரில் நிற்கும் ரஹ்மத்நிஷா சொன்னாள்:
மன்னார்குடிப் பக்கத்துக் கல்யாணக் கோஷ்டி,
காலையிலிருந்து எதை விரித்தாலும்
"வேற காட்டுங்க."
அன்னப்பட்சி பார்டர். வேற.
மயில்கழுத்துப் பச்சை, அரக்கு. வேற, வேற.
கடைசியில் இந்த மூட்டை.
விசிறி மடிப்பைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது.
"மடிப்பே புதுசா இருக்கே, எந்த ஊரு?"
சீட்டில் இருந்ததைப் படித்தாள்: "காசி."
நாலு புடவை. பேரமே பேசவில்லை.

அன்சாரி போனில் கத்தியது இந்தி,
பாதிதான் புரிந்தது.
தன் புடவைக்கே லாரி வாடகை கட்டியிருக்கிறார் மனுஷர்.
முதலாளி அதை என் சம்பளத்தில்
நாலு தவணையாகப் பிடித்தார்.

ஆடிக்கும் கணக்குப் போட்டேன்.
திரும்பிப் போனதும் போனதாகவே இருந்தது,
வராததும் வந்ததாகவே.
அதே புள்ளி ஒன்பது.
கணக்குக்கு மடிப்பு தெரியாது.

ஆவணியில் அந்தோணிசாமி மகளுக்குக்
கோயிலில் மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று.
மூட்டை தைப்பதை நிறுத்திவிட்டு வந்தார்.
"ஏம்மா, அந்தக் காசிப் பட்டு
ஒண்ணு என்ன விலை வரும்?"
திருபுவனம் பத்து நிமிஷ பஸ்தானே என்றேன்.
பல்லிலிருந்து ஊசியை எடுத்தார்.
"அது இங்க எல்லாரும் கட்டுறதுதானே."