பத்துக்கு ஒன்று

பசை பத்து, இறுக்கி ஒன்று.
பிளாஸ்டிக் கரண்டியால் கலக்குகிறேன்.
ஆம்லெட்டா என்கிறாள் நாகவேணி.
கிண்ணமெல்லாம் குமிழி.
வெற்றிடக் குடுவைக்குள் வைத்தால்
பாலாய்ப் பொங்கி விளிம்புவரை வந்து
யாரோ அதட்டியதுபோல் அடங்கும்.

மத்திகெரேயில் இன்றைக்கு மூன்றாம் முறை
மின்சாரம் போனது.
அடுப்பு எழுபது டிகிரியிலிருந்து இறங்குகிறது,
அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு,
ஜெனரேட்டர் இருமி எழும்வரை.

உரிப்பது என் வேலை.
நாகவேணிக்குப் பொறுமை உண்டு, நகம் இல்லை.
சிலிக்கன் வில்லையின் ஓரத்தில் பிளேடு,
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல.
கையோடு வருகிறது
தண்ணீரை வெட்டி எடுத்ததுபோல் ஒரு துண்டு.
சாய்த்தால் அதில் வானவில் ஓடும்.
ஐந்து மைக்ரான் மேடு, ஐந்து மைக்ரான் பள்ளம்.
ஒரு தலைமுடியின் அகலத்தில்
ஏழெட்டுக் கோடுகள் படுக்கலாம்.

காலையில் மல்லேஸ்வரத்து நோட்டரி
என் வாடகைப் பத்திரத்தில் முத்திரை குத்தினார்,
எழுந்து நின்று,
முழங்கையை ஊன்றி.
எண்களின் வயிறெல்லாம் மை நிரம்பி
ஆறு எது எட்டு எது என்று தெரியவில்லை.
வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே அழுத்தக் கூடாது.
அழுத்தினால் மேடுகளுக்கு நடுவே கூரை தொய்ந்து
தொடக்கூடாத இடத்தையும் தொட்டுவிடும்.
தெரியும் எனக்கு. தெரிந்தே
மூன்று மாதம் அழுத்தினேன்.
மூன்று மாதமும் தங்கம் முழுக்க ஒரே பூச்சு,
கோடு என்று சொல்ல ஒன்றில்லை.

இன்று வைத்தேன்,
விரலை எடுத்துவிட்டேன்.
அதன் எடை அதற்குப் போதும்.
ஓரத்தில் தொட்ட இடத்திலிருந்து
சட்டையில் ஈரம் ஏறுவதுபோல்
தானே படிந்துகொண்டு போனது.
ஒந்து, எரடு, மூரு என்று
பத்துவரை எண்ணினாள் நாகவேணி.

எடுத்த பிறகு பார்க்க ஒன்றுமில்லை.
வெறும் தங்கம்,
அதில் முகமூடி போட்ட நான்.
அச்சு தன்னிலும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்,
இறுகாமல் மிஞ்சிய கொசுறு.
எத்தனை கழுவினாலும் அது வரும்,
கருவியில் வைத்தால் காட்டிக்கொடுக்கும்.
அது நாளைய சண்டை.

முகமூடியை இறக்கி
வாயருகே கொண்டுபோய்
ஹா என்று ஊதினேன்.

துளி உட்கார்ந்த தெரு,
உட்காராத தெரு,
உட்கார்ந்த தெரு.
இரண்டு நொடி இருந்தது.

நாகவேணி திரும்புவதற்குள் போய்விட்டது.
'எல்லி?' என்றாள்.
மறுபடி ஊதினேன்.