ஐந்து மில்லி வோல்ட்

கடலூர்க்காரர்கள் பாண்டிக்குப் போவது
ஒரே காரியத்துக்கு என்று நம்புகிறது
ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி.
ஏட்டு என் பையைக் கவிழ்த்தார்.
உள்ளங்கை அளவில் ஒரு நீலப் பெட்டி,
சாம்பல் பசை அடைத்த ஊசியில்லாத சிரிஞ்சு,
துடைப்பதற்கு நூறு மில்லி ஸ்பிரிட்.
"என்னம்மா இது?"
"புராசசர் சார்."
"குடிக்கிறதா?"
"இல்ல சார். இதுதான் குடிக்கும். கரண்ட்டு."

பில்லைப் படித்துவிட்டு
இன்னொரு காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார்.
தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒன்றுக்கு
ஐம்பத்திரண்டாயிரம்.
"அடகுக்கு எடுத்துப்பாங்களா?" என்று கேட்டார், நிஜமான அக்கறையோடு.

காமராஜ் சாலை மாடிக் கடையில்
லூயி பிரகாசம் மூன்று பெட்டிகளை வைத்தார்.
"ஒரே பேரு, ஒரே விலை.
எது ஓடும் எது நொண்டும்னு
செஞ்சவனுக்கே தெரியாது மேடம்."
தர்ப்பூசணி என்றால் தட்டிப் பார்க்கலாம்.
நடுப்பெட்டியை எடுத்தேன்.

பகலில் நான் மின்வாரியக் கணக்கீட்டாளர்.
செம்மண்டலத்து நாய்களுக்கு என் செருப்புச் சத்தம் தெரியும்.
"நூத்தி எண்பதுதான் வருது,
மிக்சி சுத்தவே மாட்டேங்குது" என்பார்கள்.
எழுதிக்கொள்வேன்.
தெருவுக்கே நாற்பது வோல்ட் குறைந்தாலும்
யாரும் செத்துப்போவதில்லை.
இரவில், என் மேசையில்,
ஒன்று புள்ளி மூன்று இரண்டு ஐந்து என்றால் நிற்கிறது.
ஐந்து மில்லி வோல்ட் குறைத்தால்
நீலத் திரை.

சித்திரையில் வாங்கி மார்கழிவரை காத்திருந்தேன்.
அக்னி நட்சத்திரத்தில்
நம் ஊரில் எதையும் முடுக்கக்கூடாது.
இப்போது ஜன்னலைத் திறந்தால் குளிர் வருகிறது,
கூடவே தேவனாம்பட்டினத்து உப்பும்.
அது முதலில் தின்றது
கேபினெட்டின் நான்கு திருகுகளை.

கலியமூர்த்திக்கு நெல்லிக்குப்பம் ஆலையில் கொதிகலன்.
அரவைப் பருவம், இரவு வேலை.
தொண்ணூற்றைந்து டிகிரி என்று நான் பதறினால்
அவருக்கு அது பச்சைத்தண்ணீர்.
ஒரு முறைதான் கேட்டார், எதுக்கு என்று.
நொடிக்கு ஐந்நூற்றைம்பது கோடி துடிக்கிறது,
ஐந்நூற்றெழுபது ஆக வேண்டும் என்றேன்.
"ஆனா?"
"ஆனா ஆச்சு."
சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நெய்வேலியில் மண்ணுக்கடியில் கிடந்தது
வெட்டப்பட்டு, எரிந்து,
கம்பி கம்பியாகத் தாண்டி வந்து
என் மேசைக்குப் பின்னால் வெறும் அனலாக வெளியேறுகிறது.
பூனை அங்கேதான் தூங்குகிறது.
பயன் என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

நேற்று ஐந்நூற்றெழுபது.
மூன்று மணி நேரச் சோதனை.
ஒரு கணக்கும் பிசகாமல்
இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் ஓடியது.
எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு.
நான் மூச்சைக்கூட மின்விசிறிகளுக்கு ஏற்ப விட்டேன்.

அப்போது தெருவிளக்கு போனது.

யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
இந்தச் சுமைக்கு அது நான்கு நிமிடம் தாங்கும்.
மிச்சம் ஒன்பது.
பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
எடுத்தவன் தெய்வீகன்.
"அக்கா, நீங்களுமா?
டிரான்ஸ்பார்மர்ல பியூஸ். ஆள் ஏறிட்டாங்க."
"எத்தன நிமிஷம்டா?"
பதினைந்து வருடமாக
நான் ஊருக்குச் சொன்ன பதிலை
அவன் எனக்குச் சொன்னான்:
"வந்துகிட்டே இருக்குக்கா."

திரை அணைந்தது.
அறையில் இத்தனை சத்தம் இருந்திருக்கிறது என்று
அப்போதுதான் தெரிந்தது.
அனல் நின்றதும் பூனை எழுந்து
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
ஜன்னல் வழியாகப் போனது.

நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தபோது
கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்தே விழித்தது.
'முடுக்கம் தோற்றது, பழைய நிலைக்குத் திரும்புகிறேன்' என்ற பொருளில்
வெள்ளை எழுத்தில் சொன்னது பலகை.
பொய். தோற்றது நாங்கள். வாரியம்.

மீட்டரைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
பதினோரு யூனிட் ஒரே ராத்திரியில்.
இந்த மாதம் என் வீட்டு அட்டையிலும்
நான்தான் எழுத வேண்டும்.

மார்கழி முடிய ஆறு இரவு இருக்கிறது.
அதில் நான்கு, கலியமூர்த்திக்கு நைட் ஷிப்ட்.