ஐந்தாவது கருவி

குட்டாய்சியின் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில்
லிஃப்ட் காசு கேட்கும்.
உண்டியலில் இருபது டெட்ரி விழுந்தபிறகுதான்
ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கவே தொடங்கும்.
இறங்குவது இலவசம்.

ஆறாம் மாடி சியாலாவுக்கு
மருந்துக்கடையில் இரவு வேலை.
மருத்துவர்களின் கிறுக்கலை இருபது வருடம் படித்தவளுக்கு
ரவுட்டரின் அடிவயிற்று எறும்பெழுத்து
பெரிய காரியமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்
கம்பெனிப் பையன் மாட்டிவிட்டுப் போனது.
போகும்போது சொன்னான்:
“பாஸ்வேர்டு எட்டு ஒன்று. மறக்கவே மாட்டீங்க.”
மறக்கவில்லை.
இன்று படம் நடுவில் நின்று நின்று சுழன்றபோதுதான் தோன்றியது,
கட்டடத்தில் வேறு யாரும்கூட மறக்கவில்லையோ.

முதலில் இடம் மாற்றினாள்.
மீன்தொட்டிக்குப் பின்னால் இருந்ததை
அலமாரி உச்சிக்கு,
பனிக்கால பூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவே.
அலையையும் குடித்துவிடுமாம் தண்ணீர்.
பிறகு எண்களைத் தட்டி உள்ளே போனாள்.
பயனர் பெயர் அட்மின், ரகசியச் சொல் அட்மின்.
பூட்டின் பேரும் பூட்டு,
சாவியின் பேரும் பூட்டு.

இணைந்திருப்பவை ஐந்து.
கைபேசி.
மடிக்கணினி.
டிவி.
தள்ளுபடியில் வாங்கிய எடை பார்க்கும் தட்டு
(தன் கனத்தை அது எந்த ஊருக்குச் சொல்கிறதோ).
ஐந்தாவதற்குப் பெயரில்லை.
எழுத்தும் எண்ணுமாய்ப் பன்னிரண்டு.
திறந்த வீட்டில் எது நுழைந்தால் என்ன,
அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அட்மினை மாற்றினாள்.
காலாவதி அலமாரியிலிருந்து நான்கு மருந்துப் பெயர்கள்,
இடையில் எங்கோ ஒரு காற்புள்ளி,
இதற்குமேல் நானும் சொல்லமாட்டேன்.
பொத்தானை அழுத்தினால் யாரையும் உள்ளே விடும்
வசதி ஒன்று இருந்தது. அணைத்தாள்.
அதற்கு வசதி என்று பெயர் வைத்தவனைத் திட்டினாள்.
புதிய மென்பொருள் இறங்கிய நான்கு நிமிடமும்
ஆரஞ்சு விளக்கையே பார்த்தபடி
மின்சாரம் போகக்கூடாதே என்று
மூச்சைக்கூட மெதுவாய் விட்டாள்.

பட்டியலில் இப்போது நான்கு.
டீ போட்டாள்.

ஒன்பது மணிக்கு
கூரை ஊமையாக இருந்தது.

மூன்று வருடமாக ஒன்பது மணிக்கு
மேலேயிருந்து ஒரு பெண்குரல் வரும்,
தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல.
டிவி என்றுதான் நினைத்திருந்தாள்.
ஏழாம் மாடி எலிசோ
இத்தாலியில், பாரி நகரில்,
யாரோ ஒரு முதியவரைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனதும்
மூன்று வருடத்துக்கு முன்புதான்.

இன்று காலடிகள் மட்டும்.
சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு.
ஜன்னலிலிருந்து கதவுக்கு.
நிற்கிறது. மறுபடி ஜன்னலுக்கு.
அந்த நடை எல்லோருக்கும் தெரியும்,
கையை உயர்த்திக்கொண்டு நடக்கும் நடை.

ஆறிய டீயோடு திரும்ப உட்கார்ந்தாள்.
முன்பு பார்த்தும் தாண்டிப்போன ஒரு வரி:
விருந்தினர் வலை.
அவள் ஊரில் விருந்தினர் கடவுள் அனுப்பியவர்.
பெட்டி அப்படி நினைக்கவில்லை.
விருந்தினர் வீட்டுக் கருவிகளைக் காண இயலாது,
விருந்தினரை விருந்தினரும் காண இயலாது
என்றது.
சரி என்று அழுத்தினாள்.

மருந்து உறை ஒன்றை எடுத்து
கொட்டை எழுத்தில் புதுச் சொல்லை எழுதினாள்.
கை தன் வழக்கப்படி
கீழே சேர்த்தது:
தினம் ஒருவேளை, இரவு, உணவுக்குப் பின்.

லிஃப்டுக்குச் சில்லறை இல்லை. படியேறினாள்.
கதவைத் திறந்த பையன் வாஜாவுக்குப் பத்து வயதிருக்கும்.
கைபேசி பிடித்த கை இன்னும் இறங்கவில்லை.
“நான் திருடலை,” என்றான் முதலில்,
“எட்டு ஒன்று எல்லோருக்கும் தெரியும்.”
“இனி தெரியாது,” என்றாள்,
உறையை நீட்டி.

ஒன்பது இருபதுக்குக் கூரை பேசியது.
இரவு வேலைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் விருந்தினர் பட்டியலில்
இரண்டு பேர்.
பையனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.