இரண்டு விரற்கடை

நகரவாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே,
நான் ஓக்லாள். ஏலோனின் மனைவியாய் இருந்தவள்.
குயவன் சூளைக்குப் பின்வீடு,
புகை படிந்த சுவர் என்றால் தெரியும்.

மல்லூக்கிடம் வாங்கியது
ஏழு மரக்கால் விதை வாற்கோதுமை. மறுக்கவில்லை.
பின்மாரி பொய்த்தது; அதற்குச் சாட்சி கூப்பிட வேண்டியதில்லை,
உங்கள் வயல்களும் அதே வானத்தின் கீழ்தான் கிடந்தன.

அடகுக்கு ஆள் வந்தான்.
சட்டம் தெரிந்தவன், வாசற்படி தாண்டவில்லை;
வெளியே நின்றபடி
கழுத்தை மட்டும் உள்ளே அனுப்பினான்.

போர்வையை நீட்டினேன்.
பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும்,
அந்த நடை கட்டாது என்றான்.
ஆட்டுக்குட்டியைக் காட்டினேன். நொண்டி என்றான்.
பிறகு, சாவகாசமாக:
"மேற்கல்லைக் கொடு.
கீழ்க்கல் உன்னிடமே இருக்கட்டும்.
ஏந்திரத்தைத்தானே வாங்கக்கூடாது?
பாதி ஏந்திரம் ஏந்திரமா?"

அது பாசான் நாட்டுக் கருங்கல்.
என் கல்யாணத்துக்குக் கழுதைமேல் வந்தது.
நான் நடந்து வந்தேன்.
அன்று அதன் கனம் ஒரு சாண்.
அவன் தூக்கிப் போகும்போது கைவைத்து அளந்தேன்,
இரண்டு விரற்கடை குறைச்சல்.

பத்தொன்பது வருஷம்.
யாரும் திருடவில்லை. எலி கொறிக்கிற பண்டமும் இல்லை.
எங்கே போயிற்று
இரண்டு விரற்கடைக் கல்?

நாங்கள் தின்றோம், ஐயா.

அப்பத்துக்கு ஒரு சிட்டிகை.
சல்லடைக்கு அகப்படாத பொடி,
நாக்கு ஏமாறும், பல் ஏமாறாது.
சாகும்போது ஏலோனுக்கு நாற்பது வயசுகூட இல்லை,
கடைவாய்ப் பற்கள் ஈறோடு ஈறாய்த் தேய்ந்திருந்தன.
குகையில் கிடத்தியபோது
அந்தக் கல்லில் ஒரு பங்கு அவனோடு போயிற்று.
பெரியவன் எலும்பில் ஒரு பங்கு நடமாடுகிறது.
நிற்கப் பழகுமுன்னே போய்விட்ட நடுப்பிள்ளை
பால் குடித்தவன்தான்;
பாலும் அந்த மாவில் ஊறினதுதானே.
இதில் கல் எது, நாங்கள் எது என்று
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
மல்லூக் அடகுபிடித்தவர்,
அவருக்குத் தெரிந்திருக்கும். கேளுங்கள்.

பக்கத்து வீட்டுச் சிபியாள் தன் மேற்கல்லைத் தந்தாள்.
நல்ல மனசு. பொருந்தவில்லை.
என் கீழ்க்கல் நடுவில் குழிந்தது,
அவளுடையது தட்டை;
இரண்டு நுனியில் கிறீச்சிட்டது,
நடுவில் தானியம் முழிக்க முழிக்கக் கிடந்தது.
இரவல் வாங்கிய புருஷன் மாதிரி என்றாள் சிபியாள்.
மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தேன்.

என் கல் அங்கே என்ன செய்கிறது தெரியுமா?
காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.
அரைத்துப் பார்த்திருக்கிறார்கள்,
அந்த வீட்டுக் கல்லோடு அதற்கு ஒத்துவரவில்லை.

நாங்கள் வறுத்து மெல்லுகிறோம்.
சின்னவளுக்கு முன்பல் விழுந்த வாய்.
மென்று கொடுக்கிறேன்.

ஏழு மரக்காலையும் அறுப்பில் அளப்பேன்.
அதுவரை என் கையைப் பிடித்துவையுங்கள்,
அவர் திராட்சை ஆலையில் மிதிக்கிறேன், எதுவும்.
இனி சட்டத்தை வாசிக்கிறபோது மட்டும்
மேற்கல், கீழ்க்கல் என்று
இரண்டையும் பேர்சொல்லி வாசியுங்கள்.
பாதி உயிரை அடகு கேட்க
இன்னொருத்தன் வருவான்.

பேசி முடிவு செய்யுங்கள். எனக்கு அவசரமில்லை.
விடிவெள்ளிக்கு முன்னே எழுந்துவிட்டேன், பழக்கதோஷம்.
எழுந்து உட்கார்ந்துகொண்டு
தெரு முழுக்க மற்ற வீடுகள் அரைப்பதைக் கேட்டேன்.

என் கைகளைப் பார்க்கிறீர்கள்.
அவமரியாதையில்லை, ஐயா,
நான் சொல்லி அவை ஆடவில்லை.
மடியில் ஒன்றுமில்லை.
முன்னே போகின்றன,
பின்னே வருகின்றன.