ஐந்து குச்சிகள்

பனி வடிந்ததும் தெரிந்தது.
ஹிரோசாகிக்கு மேற்கே, மேட்டுத் தோட்டத்தில்,
பதினேழாம் வரிசை ஆப்பிள் மரத்தின் அடியில்
சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம்.
வயல் எலிகள்.
நான்கு மாதம் பனிக்கடியில்
சத்தமில்லாமல் நடந்த விருந்து.

கினுயோ கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள்.
சுற்றிப்போன விரல்
தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.
இரண்டு விரற்கடைப் பட்டை மிஞ்சியிருந்தால்கூடப் போதும்.
மிஞ்சவில்லை.

"இந்த வருஷமும் பூக்கும், பாருங்கள்" என்றான்
கொழுந்தன் சோகிச்சி, ரம்பத்தைக் கீழே வைக்காமல்.
அவன் சொன்னது பொய்யில்லை.
அதுதான் கொடுமை.

தண்ணீர் உள்வழியே ஏறுகிறது.
சைலம்: செத்தபின் வேலைக்கு வந்த செல்கள்,
தன்னைத் தானே கரைத்துக்கொண்டு
குழாயாகிப் போனவை.
எலிக்கு அதில் ருசியில்லை.
ஆகவே மொட்டு விரியும், தேனீ வரும்,
எல்லாரும் நலம் என்றே கிளைகள் நினைக்கும்.

இலை சமைத்த சர்க்கரை மட்டும்
பட்டைவழியே இறங்கிவந்து
வளையத்தின் மேல்விளிம்பில் நின்றுவிடும்.
அந்த இடம் வீங்கும்.
கீழே வேர்
போன வருஷத்து மாவைத் தின்று தீர்த்து,
அப்புறம்
மேலே அனுப்பத் தண்ணீரும் இல்லாமல்.

குளிர்பெட்டியில், முள்ளங்கி ஊறுகாய்க்குப் பின்னால்,
ஈரச் செய்தித்தாளில் ஐந்து குச்சிகள்.
பிப்ரவரியில் வெட்டியவை, பென்சில் தடிமன்.
ஒவ்வொன்றின் மேல்நுனியிலும்
சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.
தலை எது, கால் எது என்று
குச்சிக்கு மறக்காது; வெட்டியவளுக்கு மறந்துபோகும்.

காயத்துக்குக் கீழே ஒரு கீறல், மேலே ஒன்று.
இரு முனையும் ஆப்பாகச் சீவி
வில்லாக வளைத்துச் செருகினாள்.
கத்தி தேடியது ஒன்றைத்தான்:
பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே
வழவழவென்று ஒரு பச்சைக் கோடு.
கேம்பியம். வெங்காயச் சருகைவிட மெலிசு.
உள்பக்கம் பெற்றால் மரம், வெளிப்பக்கம் பெற்றால் பட்டை,
தான் மட்டும் இன்னும் எதுவும் ஆகாதது.
வைரம் பாய்ந்த நடுக்கட்டை என்று
ஊரெல்லாம் மெச்சுவது இருக்கிறதே,
இன்றைக்கு அதைக் கேட்பாரில்லை.

பச்சையோடு பச்சை. சின்ன ஆணி. மெழுகு.
நான்காவதில் விரல் மரத்து
பொட்டு கீழே போய்விட்டது.
அடித்தபின்தான் பார்த்தாள்.
பிடுங்கினால் பட்டை கிழியும்.
திட்டிக்கொண்டே ஐந்தாவதை எடுத்தாள்.
மெழுகுக் கிண்ணத்தை எப்போது சோகிச்சி வாங்கிக்கொண்டான்,
இருவருக்கும் தெரியாது.

ஆகஸ்டில் நான்கு குச்சிகள்
கட்டைவிரல் பருமன்.
தலைகீழானதும் ஒட்டித்தான் இருந்தது,
அதே பென்சில் தடிமனில்.
சோகிச்சி குனிந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
ரம்பத்துக்கு எண்ணெய் விட்டு
பதினெட்டாம் வரிசைக்குப் போனான்.