கெட

மாங்குளம் சந்தி, கூட்டுறவுக் கடைக்கு மேல்மாடி.
கண்டி வீதியில் லொறி போகும்போதெல்லாம்
மேசை அதிரும். ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.
போனபின் விட்ட இடத்திலிருந்து எண்ணுவேன்:
பதினேழு, பதினெட்டு.

மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தைத்த துணி.
ரெபேக்கா சின்னாச்சி, வயது பதினொன்று, 1871.
கீழே இரண்டு மயில்; ஒன்றுக்கு மூன்று கால்.
கோயிலுக்கு இதைப்போல மூன்று வேண்டுமாம்,
ஐப்பசிக்குள்.

புதுத்துணியைப் பிளேன்ரீயில் ஊறவைத்தேன்.
பழசின் நிறம் வந்தது, மணம் வரவில்லை.
சட்டத்தைக் கழற்றித் திருப்பிய துஷாளினி
"ஐயோ அக்கா" என்றாள்.
முன்னால் வைக்கோலாய் இருந்த நூல்
பின்னால் பழமிளகாய்ச் சிவப்பு.
நூற்றைம்பது வருசம் வெயிலே காணாதது.
வவுனியாக் கடையில் இரண்டு நிறமும் இருந்தன.
சிவப்பை வாங்கினேன்.
வைக்கோலை வெயில் பார்த்துக்கொள்ளும்.

கட்டத்துணிக்குத் தமிழ் பிடிக்காது.
ஒரு ழகரம் இறங்கி முடிய எத்தனை படிக்கட்டு!
சுழி வரவேண்டிய இடத்தில் சின்னப் பெட்டி.
புள்ளி வைக்கும் வழக்கமும் இவளுக்கு இல்லை,
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
நானாகப் புள்ளி வைத்துப் படித்தால்:

ஊசிக்கு ஒரு காது தந்த ஆண்டவர்
எனக்கு இரண்டு தந்தார் ஆகையால் நான்
கெட

பிறகு வெறுந்துணி.
குத்தி எடுத்த துளை நாலு.

கேட்பேனா, கேட்டேனா, கேட்கமாட்டேனா.
இல்லை, தைத்தபடியே
கெட.

போதகர் அருமைநாதர் போன் எடுத்தார்.
"'கேட்கிறேன்' என்று முடித்துவிடுங்கோ பிள்ளை,
சபை வாசிக்க நல்லாயிருக்கும்."
ஓம் என்றேன். அரைவாசிக் காசு தந்திருந்தார்.
போனை வலது பக்கம்தான் வைப்பேன்.
இடது காது தோட்டுக்கு மட்டும்;
மாத்தளனுக்குப் பிறகு அதில் ஒரு வண்டு
குடியிருக்கிறது, வாடகை இல்லாமல்.
'இரண்டு தந்தார்' தைக்க எனக்கு மூன்று நாள் போனது.

முதல் இரண்டிலும் கேட்கிறேன் என்று முடித்தேன்.
மூன்றாவதுக்கு மறுபடி பழசைத் திருப்பினேன்.
கடைசி எழுத்தின் பின்னால் முடிச்சு இல்லை.
அடுத்த எழுத்துக்குப் போக
ஒரு விரல் நீளம் நூல், அறுக்காமல்.
யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்,
எழும்பிப் போயிருக்கிறாள்.

நானும் ஒரு விரல் விட்டேன்.
வெறுந்துணியில் நாலு தரம் நூலில்லாமல் குத்தினேன்.

கண்ணாடி போட்டபின் பின்பக்கம் யார் பார்ப்பார்?
போதகர் மூன்றையும் எண்ணி வாங்கி, மிச்சக் காசைத் தந்தார்.
மயிலின் மூன்றாம் காலைப் பற்றி
ஒன்றும் கேட்கவில்லை.